பிப்ரவரியில் மிசூரி ஆற்றில் டிரவுட் பிடிக்க முடியுமா?

கேள்வி இது: பிப்ரவரி கடைசி வாரம் மொன்டானா மாநிலத்தில் ஹெலினாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள். கோடையில் இரண்டு முறை ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையான ஃப்ளையைப் போட்டு மீன் பிடிக்க, போன பழக்கம் உண்டு. பக்கத்தில் ஓடும் மிசூரி ஆற்றில் அந்தக் குளிரில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் கிடைக்குமா, ஆறே உறைந்து கிடக்காதா, அங்கே போய் நிற்பது பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். நான் சொல்லும் பகுதி உறையாது. மூன்றாவது கேள்வியை என் மனைவியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

முதலில் இடம். மிசூரி மிக நீளமான ஆறு. எல்லா இடத்திலும் டிரவுட் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ஹோல்ட்டர் அணைக்குக் கீழே கேஸ்கேட் ஊர் வரை உள்ள சுமார் 35 மைல். ஹெலினாவிலிருந்து வடக்கே 15ஆம் எண் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் கிரெய்க் என்ற குட்டி ஊர் வரும். ஒரு பாலம், சில வீடுகள், ஃப்ளை கடைகள், சாப்பிட ஓரிரு இடங்கள், அவ்வளவுதான் ஊர். அந்தப் பாலத்தின் மேலும் கீழும்தான் குளிர்காலத்தில் எல்லோரும் நிற்போம். ரெயின்போ டிரவுட், பிரவுன் டிரவுட் இரண்டும் ஏராளம். இரண்டுமே இந்த ஆற்றுக்கு வந்தேறிகள். ரெயின்போ பசிபிக் பக்கத்து ஆறுகளின் மீன். பிரவுன் 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி அமெரிக்கா வந்தது. ஏறக்குறைய இதே கதைதான் நம் நீலகிரியின் அவலாஞ்சியிலும்: அங்கே இருக்கும் ரெயின்போவும் வெள்ளைக்காரர் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்து விட்டதுதான்.

சரி, ஆறு ஏன் உறையவில்லை? மேலே அணை இருப்பதால். கேன்யன் ஃபெர்ரி, ஹவுஸர், ஹோல்ட்டர் என்று வரிசையாக மூன்று அணைகள். கேன்யன் ஃபெர்ரியில் எவ்வளவு திறக்கிறார்களோ, ஹோல்ட்டர் அதை ஏறக்குறைய அப்படியே கீழே அனுப்பிவிடும். அதனால் ஆற்றின் மட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்காது. குளிர்காலத்தில் பெரும்பாலும் விநாடிக்கு 3,000 முதல் 5,000 கன அடிக்குள் ஓடும். மேட்டூர் அணைச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்குக் கன அடியை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். இணையதளத்தில் ஹோல்ட்டருக்குக் கீழே உள்ள அளவுமானியின் கணக்கு தினமும் கிடைக்கும். கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். 4,000க்குப் பக்கத்தில் இருந்தால் இறங்கி நடக்க வசதி.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். அடிப்படை சரிதான்: தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகி மேலே வரும். அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்குகிறது. ஆழமான அணையின் அடியிலிருந்து திறந்தால் கீழே ஆறு குளிர்காலம் முழுக்க ஓரளவு வெதுவெதுப்பாக ஓடும் என்று பலரும் சொல்வார்கள். இதே மாநிலத்தில் பிக்ஹார்ன் ஆற்றுக்கு அது பொருந்தும். அங்கே யெல்லோடெயில் அணை 525 அடி உயரம். ஹோல்ட்டர் 1918இல் கட்டி முடித்த பழைய அணை, உயரம் 124 அடிதான். அதன் ஏரித் தண்ணீர் காற்றில் நன்றாகக் கலந்து, மொத்தமாகக் குளிர்ந்துவிடும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் கிரெய்க்கில் நீங்கள் கால் வைக்கும் தண்ணீர் 1 முதல் 3 டிகிரி: உறைநிலைக்கு மேலே, அதனால் உறையாது, ஆனால் வெதுவெதுப்பும் கிடையாது. பிக்ஹார்ன் கதையைக் கேட்டுவிட்டு மிசூரிக்கு வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஏரி மெதுவாகக் குளிரும், மெதுவாகத்தான் சூடேறும். நவம்பரில் காற்று உறையும்போதும் ஆறு இதமாக இருக்கும். பிப்ரவரியில் வெயில் நன்றாக அடிக்கும், பகல் நீண்டிருக்கும், ஆனால் ஆறு வருடத்திலேயே மிகக் குளிர்ந்த நிலையில் கிடக்கும். நீங்கள் வரும் வாரம் அதுதான். அதற்காக மனம் தளர வேண்டாம்.

டிரவுட்டின் உடம்பு தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கும். 10 முதல் 16 டிகிரியில் அது சுறுசுறுப்பாக மேயும். 2 டிகிரியில் செரிமானமே மந்தம். பசி குறைவு, அசைய மனமில்லை. தின்னாமல் இருக்காது, ஆனால் ஓடித் தின்னாது. வாய்க்கு நேரே வந்தால்தான் திறக்கும். கோடையில் நுரைத்து ஓடும் இடத்தில் நின்ற மீன், இப்போது நம் ஊரில் கசம் என்று சொல்வோமே, அது போன்ற ஆழமான, சோம்பலாக நகரும் நீருக்கு வந்து, பத்து இருபதாக அடுக்கி நிற்கும். ஒரு கசத்தில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் கூட்டமே இருக்கும். தண்ணீரின் வேகம் வயதானவர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஆழம் மூன்று முதல் ஆறு அடி. முதல் இரண்டு குளிர்காலம் நான் கோடையில் மீன் பிடித்த அதே ஓட்டத்தில் நின்று கை விறைத்ததுதான் மிச்சம்.

இன்னொரு விஷயம் நேரம். என் சட்டைப்பையில் ஒரு சின்ன வெப்பமானியும் நோட்டும் இருக்கும். போன வருடம் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் எழுதியது: காலை 10:30, காற்று மைனஸ் 6, தண்ணீர் 1.4, மீன் இல்லை. 12:15, தண்ணீர் 1.7, ஒரு வைட்ஃபிஷ். 1:10, தண்ணீர் 2.1, முதல் ரெயின்போ. அப்புறம் 2:50 வரை எட்டு மீன், எல்லாமே ஒரே இடத்தில், நான் நின்ற கல்லை விட்டு நகரவே இல்லை. 3:20க்கு மேற்குப் பக்க மலை நிழல் தண்ணீரில் விழுந்தது. கதவைச் சாத்தியது போல எல்லாம் நின்றுவிட்டது. வெப்பம் ஏறியது முக்கால் டிகிரி. நம் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, மீனுக்குத் தெரிகிறது. 2.1 டிகிரி என்பதைவிட, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஆகவே விடியற்காலை அலாரம் வைக்காதீர்கள். தங்கை வீட்டில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு ஆற்றுக்கு வந்தால் போதும். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஃப்ளையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்தில் இந்த ஆற்றில் மீன் தின்னும் பட்டியல் சிறியது. கூனி இறால் போலச் சுருண்டிருக்கும் ஸ்கட், மரப்பேன் மாதிரி தட்டையான ஸோபக், கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத மிட்ஜ், அதன் புழு. முதல் ஃப்ளையாக இளஞ்சிவப்பு ஸ்கட் 14 அல்லது 16ஆம் எண் முள்ளில். அதற்குக் கீழே ஒரு முழம் தள்ளி, கறுப்பு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றிய ஸீப்ரா மிட்ஜ் 18இல். மேலே தக்கை. சிவப்பு நூலில் கட்டிய ஸான் வான் வர்ம் என்று ஒன்று உண்டு. நியூ மெக்சிகோவில் இதே போல அணைக்குக் கீழே ஓடும் ஆற்றின் பெயர் அதற்கு. சட்டப்படி ஃப்ளை, பார்த்தால் அசல் மண்புழு. அதைப் போடுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். மண்புழுவில் தொடங்கிய நமக்கு என்ன வெட்கம்? தாராளமாகப் போடுங்கள்.

ஃப்ளையை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஆழத்தைச் சரி செய்வது முக்கியம். தக்கையை அரை அடி ஏற்றுங்கள், இல்லையென்றால் ஒரு ஈயக்குண்டு கூட்டுங்கள். பத்து முறை போட்டால் ஒரு முறையாவது முள் அடியில் உரச வேண்டும். உரசவே இல்லையென்றால் மீனின் தலைக்கு மேலே போகிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் குளிரில் அது தலையை நிமிர்த்தாது. கொத்தும் விதமும் வேறு. கோடையில் தக்கை சட்டென்று முங்கும். இப்போது முங்காது, கூட வரும் நுரையைவிடக் கொஞ்சம் பின்தங்கும், ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்துக்கே கோலை நிமிர்த்த வேண்டும். பாதி நேரம் பாசியாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நடுவில் கிடைக்கும் வைட்ஃபிஷ்ஷைத் திட்டாதீர்கள். சின்ன வாய், வெள்ளிச் செதில், பார்க்க டிரவுட் போல அழகு கிடையாது. பிடித்தவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆற்றின் பூர்வகுடி அதுதான். அது கொத்துகிறது என்றால் உங்கள் ஆழமும் வேகமும் சரி. பெரும்பாலும் டிரவுட் பக்கத்தில்தான் இருக்கும்.

இனி கைக்கு வரும் தொல்லை. காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால், தூண்டில் நரம்பை இழுக்கும்போது அதில் ஒட்டி வரும் நீர் ராடின், அதாவது தூண்டில் கோலின், வளையங்களில் உறையும். நுனி வளையம்தான் முதலில் அடைக்கும். நுனியைத் தண்ணீருக்குள் முக்கிப் பத்து நொடி வையுங்கள்; ஆறு பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் ஐஸ் இளகிவிடும். நரம்பை அதிகம் இழுத்து இழுத்து வீசாமல், ஒரே நீளத்தை வெளியே விட்டுத் தூக்கித் தூக்கிப் போட்டால் அடைப்பே குறையும். அவசரப்பட்டு விரலால் ஐஸை ஒடிக்கப் போய், நான் ஒரு ராடின் நுனியையே ஒடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், ஊதுவத்தி ஒடிவது போல. அன்றைக்கு வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மைனஸ் 15க்குக் கீழே போனால் இந்தப் பகுதியிலும் காலையில் தண்ணீருக்குள் ஐஸ் கூழ் மிதந்து வரும். ஐஸ் வண்டிக்காரர் சீவிக் கொடுப்பாரே, அந்தத் தூள் ஆறு முழுக்க ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே படியும் ஐஸ் அல்ல இது. கொந்தளிக்கும் நீர் மொத்தமாகப் பூஜ்யத்துக்கு ஒரு துளி கீழே குளிரும்போது உள்ளேயே பிறக்கும் துகள். அடிக்கற்களிலும் போய் ஒட்டும். வெயில் ஏறியதும் கல்லை விட்டுக் கழன்று, சில நேரம் கூழாங்கல்லையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். அதற்குள் தூண்டில் போடவே முடியாது. அணைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறீர்களோ அவ்வளவு தெளிவு. கேஸ்கேட் பக்கம் போகப் போகக் கூழும் கரை ஐஸும் கூடும். கடுங்குளிர் நாளில் கிரெய்க்கை விட்டு மேலே, உல்ஃப் க்ரீக் பாலத்துப் பக்கம் போய்விடுங்கள்.

காற்றைப் பற்றித்தான் உண்மையில் அதிகம் எழுத வேண்டும். முதல் தடவை வருபவர்கள் வெப்பநிலையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். மைனஸ் 7 டிகிரியில் மணிக்கு 25 மைல் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 17. தவிர, ஃப்ளையை வீசவும் முடியாது, தக்கையும் நீரின் வேகத்தில் போகாமல் காற்றின் வேகத்தில் போகும்.

இந்தப் பக்கத்தின் விசேஷம் சினூக் காற்று. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று ராக்கி மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தை இறக்கிவிடுகிறது. உலர்ந்து கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறுகிறது. விளைவு: நேற்று மைனஸ் 20, இன்று பிளஸ் 8. மிகைப்படுத்தவில்லை. கீழே மிசூரிக்குப் பக்கத்தில் லோமா என்ற ஊரில் 1972 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் மைனஸ் 48இலிருந்து பிளஸ் 9க்கு ஏறியது, உலகச் சாதனை. குளிர்ச் சாதனையும் பக்கத்திலேயே இருக்கிறது: ஹெலினாவுக்கு வடமேற்கே ராஜர்ஸ் கணவாயில் 1954 ஜனவரி 20 அன்று மைனஸ் 57. அலாஸ்காவை ஒதுக்கிவிட்டால் அமெரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான்.

'பிளஸ் 8' என்று பார்த்ததும் கிளம்பத் தோன்றும். சினூக் அடிக்கும் நாளில் கார்க் கதவைத் திறக்கவே தெம்பு வேண்டும். அதோடு பனி உருகி, அணைக்குக் கீழே வந்து சேரும் லிட்டில் ப்ரிக்லி பேர் ஓடை சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். கிரெய்க்குக் கீழே டியர்போர்ன் ஆறு உடைந்த ஐஸ் பாளங்களைத் தள்ளும். அப்படிப்பட்ட நாளில் இந்த இரண்டும் சேரும் இடங்களுக்கு மேலே, அணைப் பக்கமாக நிற்க வேண்டும், இல்லை வீட்டில் இருக்க வேண்டும். மைனஸ் 4, மேகமூட்டம், புகை நேராக மேலே போகிறது என்றால் தங்கை என்ன திட்டம் போட்டிருந்தாலும் ரத்து செய்துவிட்டு வாருங்கள்.

ஏனென்றால் அந்த மாதிரி நாளில்தான் குளிர்காலத்தின் அபூர்வம் நடக்கும். மதியம் ஒரு மணி வாக்கில் கரையோரச் சுழிகளில் மிட்ஜ்கள் கொத்துக் கொத்தாக மிதக்கும். எள் அளவுப் பூச்சி. ஒவ்வொன்றாகத் தின்றால் மீனுக்குக் கட்டுப்படியாகாது, கொத்தாக இருந்தால் லாபம். நீர் கண்ணாடி போல இருக்கும், அதில் ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்து உள்ளே போகும், சத்தமே இல்லாமல். பத்து நொடிக்கு ஒரு தரம், ஒரே இடத்தில். இதற்கு கிரிஃபித்ஸ் நாட் என்ற ஃப்ளை, 18 அல்லது 20. டிரவுட் ஆறுகளைப் பாதுகாக்கும் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயரில் வழங்குவது. மயில் தோகை இழை, அதன் மேல் சேவல் இறகு, அவ்வளவே. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் மிட்ஜ் கொத்து அச்சாக அப்படித்தான் இருக்கும். மீனுக்கு இரண்டடி முன்னால், நீர் வரும் பக்கத்தில் போட்டு மிதக்க விடுங்கள். அது வாயைத் திறந்து மூடியதும் மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுக் கோலைத் தூக்குங்கள். உடனே தூக்கினால் வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள்.

ஆபத்து. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தறிகெட்டு வாங்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் உங்கள் பேச்சைக் கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் அதற்கு முன்பே விரல்கள் வேலை செய்யாது. ஆகவே தொடைக்கு மேல் இறங்காதீர்கள். வேடர்ஸ், அதாவது நீர் புகாத நெஞ்சளவு கால்சட்டை, அதன் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். கரையோர ஐஸ் மேடை உறுதியாகத் தெரியும், அடியில் வெறும் நீர் ஓடும். அதன் மேல் நிற்காதீர்கள், ஒடிந்தால் நீரோட்டம் உங்களை ஐஸுக்கு அடியில் இழுக்கும். தனியாக வராதீர்கள். ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) அடி வைத்த பூட்ஸ் வேண்டாம்: பனியில் நான்கு அடி நடந்தால் கட்டி கட்டியாக ஒட்டி, முக்காலி மேல் நிற்பது போல ஆகிவிடும். ஆணி பதித்த ரப்பர் அடிதான் சரி. காரில் ஒரு முழு செட் உலர்ந்த துணி, பெரிய துண்டு, ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காபி. கையுறை இரண்டு ஜோடி. ஒரு மீனை விட்டதும் ஒன்று நனைந்துவிடும்.

மீனை விடும்போதும் கவனம் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காற்றில் மீனைத் தூக்கிப் படம் எடுத்தால் செவுளின் மெல்லிய தோல் உறைந்துபோகும். வலைக்குள்ளேயே, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் மீன் பாதி நீரில் இருக்கும்போதே எடுங்கள். அப்புறம், சுற்றிலும் பாசி படிந்த கற்கள் இருக்க நடுவில் மட்டும் தேய்த்துக் கழுவியது போல வெளுத்த கூழாங்கல் திட்டு தெரிந்தால் அதன் மேல் மிதிக்காதீர்கள். பிரவுன் டிரவுட் அக்டோபர், நவம்பரில் இட்ட முட்டைகள் பிப்ரவரியில் அந்தக் கல்லிடுக்கில்தான் இருக்கும். மார்ச் வாக்கில் ரெயின்போவும் முட்டையிட ஆரம்பித்துவிடும்.

தேதியை மாற்ற முடியுமென்றால் மார்ச் கடைசிக்கு மாற்றுங்கள். தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி ஏறியிருக்கும், மீனும் விழித்திருக்கும். முடியாது என்றால் லைசென்ஸ் விஷயம் ஒன்று. இந்தப் பகுதியில் ஆண்டு முழுக்க மீன் பிடிக்க அனுமதி உண்டு, ஆனால் மொன்டானாவின் லைசென்ஸ் ஆண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. நீங்கள் வருவது அந்த விளிம்பில். மார்ச் 1ஐத் தாண்டியும் ஆற்றில் நிற்பதாக இருந்தால் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். எந்தத் தேதிகளில் இறங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.